வராந்தாவில் படித்தவள்

சட்டக் கல்லூரியிலிருந்து வந்த கடிதம் சிறியது. பள்ளிப் படிப்பு குறித்து ஐயம் எழுந்துள்ளது. வெள்ளிக்கிழமை சரிபார்ப்புக்கு நேரில் வரவும். வராதவர்களின் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

மகள் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"என்ன ஐயம்னு போடலையேம்மா."

"அதான் எனக்கும் தெரியணும்" என்றாள் அம்மா.

அவள் மூன்றாவது நீதிமன்றத்தில் டவாலி. தோளுக்குக் குறுக்கே பட்டை அணிந்து வாசலில் நிற்பாள். உள்ளே சொல்லும் பெயரை வராந்தாவில் மூன்று முறை கூப்பிடுவாள். ஆள் வந்தால் உள்ளே அனுப்புவாள், வராவிட்டால் "வரலைங்க" என்பாள். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. அவள் குரல் சைக்கிள் நிறுத்தும் இடம்வரை கேட்கும். இளம் வக்கீல்கள் வைத்த பெயர் மைக்கக்கா.

வேலையில் ஒரே ஒரு குறை. உள்ளே பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் யாரையாவது கூப்பிடச் சொல்வார்கள். வெளியே போய்க் கூப்பிட்டுத் திரும்பினால் பாதி போயிருக்கும். பத்தொன்பது வருடத்தில் அவள் முழுதாகக் கேட்ட வழக்கு ஒன்றுகூட இல்லை.

அப்படிப் பாதியில் விட்டுப்போனதில் ஒன்று மாடிப்படி வழக்கு. அண்ணனுக்கு மாடி, தம்பிக்குக் கீழ்வீடும் படியும். படியில் கால் வைக்காதே என்று தம்பி வழக்குப் போட்டிருந்தான். நீதிபதி முன்னால் சாய்ந்து தம்பியிடம் ஒரு கேள்வி கேட்க வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து அடுத்த வழக்கின் சாட்சியைக் கூப்பிடச் சொன்னார்கள். அவள் கூப்பிட்டுவிட்டு வந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். வழக்கு முடிந்துவிட்டது.

நீதிபதி என்ன கேட்டார் என்று ஒரு வக்கீலிடம் விசாரித்தாள்.

"அது சட்டம், மைக்கக்கா. சொன்னா புரியாது."

அந்த வாரமே திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்தாள். பள்ளியை ஒன்பதாம் வகுப்பில் விட்டவள், முப்பத்தாறு வயதில் பத்தாம் வகுப்பு எழுதினாள். இரண்டு வருடம் கழித்துப் பன்னிரண்டு. கணக்கில் மகளைவிட நாலு மார்க் கூட. வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. பிறகு சட்டக் கல்லூரி மாலை வகுப்புக்கு விண்ணப்பம் போட்டாள்.

கடிதத்தோடு மறுநாள் மூன்று வக்கீல்களைப் பிடித்தாள்.

"திறந்தநிலைப் பள்ளியா? சேத்துக்கவே மாட்டாங்க" என்றார் முதலாமவர்.

"யார் சொன்னது? தாராளமா சேத்துக்குவாங்க" என்றார் இரண்டாமவர்.

"ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்றார் மூன்றாமவர்.

"எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள். மூவருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது.

சாப்பாட்டு இடைவேளையில் பேருந்து பிடித்துக் கல்லூரிக்குப் போய் அறிவிப்புப் பலகையைத் தானே படித்தாள். கண்ணாடிக்குள், கீழ் வரிசையில், பொடி எழுத்தில் விதி இருந்தது. திறந்தநிலைப் பள்ளியில் தேறியவர்கள் விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பை எழுதாமல் நேரடியாகப் பன்னிரண்டை எழுதியவர்களுக்கு மட்டும் தகுதி இல்லை. அதைக் கையில் எழுதிக்கொண்டாள். தன்னிடம் இரண்டும் இருக்கின்றன. பிறகு என்ன ஐயம்? பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அது வெள்ளிக்கிழமைவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கே போய்விட்டாள். ஒன்பதரைக்கு ஒரு வகுப்பறையைத் திறந்தார்கள். மேசைக்குப் பின்னால் கல்லூரி முதல்வர் உட்கார்ந்தார். ஐம்பது வயதுப் பெண், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். பக்கத்தில் கோப்புகளோடு அலுவலகக் குமாஸ்தா. விண்ணப்பித்தவர்கள் வராந்தாவில் காத்திருந்தார்கள். நாற்காலிகள் நிறைந்துவிட்டதால் அவள் கதவோரம் நின்றாள். அவள் காலுக்குப் பழகிய இடம்.

குமாஸ்தாவுக்கு மூன்று நாளாகக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருந்தது. முதல் பெயரைச் சொன்னார். அது மேசையைத் தாண்டவில்லை. இன்னொரு முறை சொன்னார். இருமினார்.

அவளால் பொறுக்க முடியவில்லை. வராந்தா பக்கம் திரும்பி அந்தப் பெயரை மூன்று முறை கூப்பிட்டாள். கடைக்கோடியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் துள்ளி எழுந்தாள்.

முதல்வர் நிமிர்ந்தார். "யாரும்மா அது? நல்லா கேக்குதே. நீங்களே கூப்பிடுங்க. இவரு தொண்டையாவது பொழைக்கட்டும்."

அவள் கூப்பிட்டாள். குமாஸ்தா முணுமுணுப்பார், அவள் கூப்பிடுவாள், ஆள் வரும். பெயர்கள் காது வழியாக நுழைந்து வாய் வழியாக வெளியே போயின. நடுவில் எங்கும் தங்கவில்லை. தங்கவிட்டால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

பதினோராவது பெயர் நீளமானது. தகப்பன் பெயரோடு சேர்ந்து மூன்று துண்டு. மூன்று முறை கூப்பிட்டாள். வராந்தாவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தாள். யாரும் எழவில்லை. படிக்கணும்னு விண்ணப்பம் போட்டுட்டு கூப்பிடற நேரத்துல எங்க போய்த் தொலைஞ்சாளோ என்று நினைத்துக்கொண்டாள்.

"வரலைங்க."

குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு வராந்தா காலியானது. குமாஸ்தா கோப்புகளைக் கட்டினார். முதல்வர் பேனாவை மூடினார்.

"என்னைக் கூப்பிடலையே?" என்றாள் அவள்.

"எல்லாரும் முடிஞ்சாச்சும்மா. ஒருத்தர்தான் பாக்கி, அவங்க வரல. நீங்கதானே கூப்பிட்டுப் பாத்தீங்க?"

குமாஸ்தா பட்டியலில் விரல் வைத்துக் காட்டினார். அவள் குனிந்து படித்தாள். சான்றிதழுக்கு வெளியே யாரும் பயன்படுத்தாத முழுப் பெயர். வீட்டில் அவள் அம்மா, வேலையில் மைக்கக்கா. புருஷனுக்கு அவள் 'இந்தா'. ஒன்பதாம் வகுப்பு வாத்தியாருக்குப் பிறகு இந்தப் பெயரைச் சொல்லி அவளை ஒருவரும் கூப்பிட்டதில்லை, இன்று காலை அவளைத் தவிர.

"இது நான்தாங்க."

"நீங்களா?"

"நான்தான்."

"பின்ன ஏன் வரலைன்னு சொன்னீங்க?"

"யாரும் எந்திரிக்கலையே."

குமாஸ்தா முதல்வரைப் பார்த்தார். முதல்வர் பாதி எழுந்திருந்தார்.

"எந்திரிக்காதீங்க மேடம்!" சைக்கிள் நிறுத்தம்வரை கேட்கும் குரல் அது. முதல்வர் அப்படியே நின்றார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க. எங்க நீதிமன்றத்துல ஆள் வரலைன்னு கேஸைத் தள்ளிட்டாலும், நீதிபதி நாற்காலியை விட்டு எந்திரிக்கறதுக்குள்ள அவர் வந்து நின்னா மறுபடி எடுத்துக்குவாங்க. நெறைய பாத்திருக்கேன்."

"இது நீதிமன்றம் இல்ல" என்றார் குமாஸ்தா, இருந்த குரலில். "வராதவங்க விண்ணப்பம் நிராகரிக்கப்படும்னு கடிதத்துலயே இருக்கு."

"வராதவங்கன்னுதானே இருக்கு? நான் எட்டரைக்கே வந்துட்டேன். கதவைத் தெறந்தப்ப நாற்காலியைத் தள்ளிப் போட்டதே நான்தான்."

முதல்வர் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து 'வரவில்லை' என்பதன் மேல் ஒரு கோடு போட்டார்.

"மறுபடி கூப்பிடுங்க" என்றார் குமாஸ்தாவிடம். "முறைப்படி."

அவள் வெளியே போய் நின்றாள். குமாஸ்தா கரகரவென்று அந்த மூன்று துண்டுப் பெயரைச் சொன்னார். அவள் தலை தானாக வராந்தா பக்கம் திரும்பியது, வாயும் திறந்தது. மூடிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னங்க ஐயம்?" என்றாள் உட்காருவதற்கு முன்பே. "ஒரு வாரமா மண்டை குடையுது."

முதல்வர் விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினார். "'பள்ளிப் படிப்பு படித்த இடம்'ங்கற கட்டத்துல என்ன எழுதியிருக்கீங்க, பாருங்க."

"மூன்றாவது நீதிமன்ற வராந்தா, கிழக்குப் பக்க பெஞ்சு."

"அங்கீகாரம் உள்ள பள்ளிகள் பட்டியலை ரெண்டு தடவ அலசிட்டேன் மேடம்" என்றார் குமாஸ்தா. "அப்படி ஒரு பள்ளியே கெடையாது."

"படிச்ச இடத்தைத்தானே கேட்டிருந்தது? சாப்பாட்டு இடைவேளையில அங்கதான் படிச்சேன். கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்லாதவங்க கூண்டுல என்ன பாடு படுவாங்கன்னு தெனம் பாக்கறவ நான்."

முதல்வர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு கண்ணாடியை இறக்கி இரண்டு மதிப்பெண் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளைப் பார்த்தார். அவள் புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பத்து முதல்ல. பன்னிரண்டு ரெண்டு வருஷம் கழிச்சு. நேரடியா எழுதல. விதி கேக்கறது இவ்வளவுதான்." கட்டத்தில் இருந்ததை அடித்துத் திறந்தநிலைப் பள்ளியின் பெயரை எழுதச் சொன்னார். அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கீழே முதல்வர் 'தகுதி உண்டு' என்று எழுதினார். குமாஸ்தா முத்திரை குத்தினார்.

"இப்ப என் ஐயம்" என்றார் முதல்வர். "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கும்மா சட்டம்?"

அவள் மாடிப்படி வழக்கைச் சொன்னாள். நீதிபதி முன்னால் சாய்ந்த இடம்வரை சொல்லி நிறுத்தினாள்.

"என்ன கேட்டாரு?" என்றார் முதல்வர்.

"அது தெரியாமத்தானே இங்க வந்து உக்காந்திருக்கேன்."

"அந்தப் படி எங்கடா போகுதுன்னு கேட்டிருப்பாரோ?" என்றார் குமாஸ்தா. கட்டிய கோப்பு கையிலேயே இருந்தது.

"அதுக்குக் கண்ணைத் துடைக்கற அளவுக்கா சிரிப்பாங்க?"

"இல்லதான்" என்றார் முதல்வர். நாற்காலியை மேசையருகே இழுத்துக்கொண்டார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஒரு சதுரம் வரைந்தார். அதன் மேல் இன்னொரு சதுரம்.

"கதவைச் சாத்துங்க" என்றார் குமாஸ்தாவிடம். பிறகு அவளிடம், "படி வெளியில இருந்துச்சா, வீட்டுக்குள்ளயா? மொதல்ல இருந்து சொல்லுங்க."