பெரியதம்பியின் வலது காது

மூங்கில்மேட்டுப் பெரியதம்பி தன் பேத்தி கலைமதிக்குக் காது குத்துக்கு நாள் குறித்துப் பத்திரிகையும் கொடுத்து முடித்த வாரத்தில், அந்தப் பிள்ளையிடம் குத்துவதற்கு அவளுடைய காது இல்லை. காதே இல்லை என்று அர்த்தமில்லை. இரண்டு பக்கமும் காது இருந்தது, இரண்டும் நன்றாகக் கேட்டன. ஆனால் அவை காலனியில் இருக்கும் அந்தோணிசாமி மேஸ்திரியின் பேத்தி அம்சாவின் காதுகள். அவற்றில் போன வருஷமே ஓட்டை போட்டு, துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி செருகியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது மருமகள் அதைப் பார்த்தாள், கிண்ணத்தைக் கீழே வைத்தாள், மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். பெரியதம்பிக்கு முதலில் வந்தது காதைப் பற்றிய கவலை அல்ல, பந்தலைப் பற்றிய கவலை. திண்டிவனத்திலிருந்து தாய்மாமன் தேவநாதன் சீர்வரிசையோடு வரப்போகிறான், கண்டமங்கலம் ரோட்டில் குழந்தை படம் போட்ட ஃபிளெக்ஸ் நிற்கிறது. குத்தின காதுக்கு மறுபடியும் காது குத்திப் பந்தி போட்டவன் என்று சுற்றுவட்டாரம் சிரித்தால், அப்புறம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எந்தக் கல்யாணத்துக்குப் போவது என்றுதான் அவர் யோசித்தார்.

இத்தனைக்கும் காரணம், அங்கன்வாடி பிரபாவதி டீச்சர் ஒரு பயிற்சி வகுப்பை மனசாரக் கவனித்துக் கேட்டதுதான். விழுப்புரத்தில் நடந்த பயிற்சி அது. சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றி அட்டையைக் காட்டிச் சொல்லித் தரக்கூடாது, ஓடவிட வேண்டும், குதிக்கவிட வேண்டும், தொட்டுத் தடவி அவர்களாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். மற்ற டீச்சர்கள் டீயும் சமோசாவும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்கள். பிரபாவதி மட்டும் மறுநாளே கண், மூக்கு, காது படம் போட்ட அட்டையைச் சுருட்டி பீரோவின் மேலே போட்டார். பிள்ளைகள் தரையில் படுத்து ஒருவரையொருவர் சாக்பீஸால் வரைந்தார்கள். பத்து தடவை எம்பிக் குதித்துவிட்டு, பக்கத்துப் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்து உள்ளே யார் தட்டுகிறார்கள் என்று கேட்டார்கள். காதைப் பொத்திக்கொண்டு முறுக்கு கடித்தால் தலைக்குள் லாரி போகிறது என்பதைக் கண்டுபிடித்த பிறகு ஒரு வாரம் அங்கன்வாடியில் முறுக்கு தங்கவில்லை. பாட்டு நிற்கும்போது பக்கத்தில் இருக்கிறவர் காதைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு விளையாட்டு. அதில்தான் கோகுலகிருஷ்ணனின் காது, குக்கர் மூடியிலிருந்து ரப்பர் கழல்கிற மாதிரி, நோகாமல் அம்சாவின் கையோடு வந்தது. ரத்தமில்லை, அழுகையில்லை. கூச்சமாக இருக்கிறது என்று அவன் சிரித்தான். டீச்சர் பார்த்தார். கட்டை, பொம்மைக்குச் சொல்வதையே இதற்கும் சொன்னார்: “கைய கழுவிட்டு, எடுத்த எடத்துலயே வைக்கணும்.”

பிள்ளைகள் கைகழுவினார்கள், எடுத்த இடத்தில் வைப்பதைத்தான் மறந்தார்கள். ஒரு மாதத்துக்குள் காதைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது விழுப்புரம் பெரிய டாக்டர்களுக்கும் தெரிந்திருக்காது. இடது காதை வலது பக்கம் மாட்டினால் முதுகுக்குப் பின்னால் பேசுவது மட்டும் கேட்கும். ரைஸ் மில்லை ஒட்டிய வீட்டுச் சின்னதுரையின் காதை மாட்டிக்கொண்டால் மத்தியானம் யார் கத்தினாலும் சுகமாகத் தூங்கலாம். ஏனென்றால் காது எந்தத் தலையில் இருந்தாலும், தான் பிறந்த வீட்டில் கேட்டுப் பழகினபடியேதான் கேட்கும். கலைமதியும் அம்சாவும் ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகிதம் என்பதால் இரண்டு காதையும் மாற்றிக்கொண்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்கள். பொழுது சாய்ந்ததும் காலனியில் வேணி தன் மகளை “ஏ அம்சா” என்று கூப்பிட்டால், ஊர்த்தெருவில் கலைமதி சோற்றுத் தட்டை விட்டுவிட்டு எழுந்து ஓடினாள். பெரியதம்பி சாப்பிட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினால் அம்சா காலனியிலிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு இடத்தில் இருக்கிறதா என்று பெரியவர்கள் அலுத்துக்கொண்டார்களே தவிர, முடியை ஒதுக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

விஷயம் தெரிந்த அன்றே பெரியதம்பி டி.வி.எஸ். வண்டியை முறுக்கிக்கொண்டு ஏரிக்கரையோரம் இருக்கும் அங்கன்வாடிக்குப் போனார். காதைக் கழற்றித் தரச் சொன்னார். டீச்சர் பாவம், பொறுமையாகத்தான் பதில் சொன்னார். “அதட்டினா கழலாதுங்க. சிரிச்சி விளையாடிக்கினு இருந்தா தானா வரும்.” இவருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது. பேத்தியின் காதைத் தானே பிடித்து இழுத்தார். காது சிவந்தது, பிள்ளை ஊரைக் கூட்டி அழுதது, கழலவில்லை. அவமானத்தில் வாய்க்கு வந்ததைப் பேசினார். காலனிக் காதைக் கொண்டுவந்து எம்பேத்தி தலையில மாட்டி வுட்டுட்டீங்களே என்றார். ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனி அங்கன்வாடி கேட்டு மனு கொடுத்து இதை இழுத்து மூடாமல் விடமாட்டேன் என்றார். அவர் வண்டி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பேச்சு காலனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தோணிசாமிக்குப் பெரியதம்பியைவிட ஒரு வயது கூடவே இருக்கும். புதுச்சேரியில் மாடிக் கட்டிடம் எழுப்புகிற மேஸ்திரி, அங்கே இன்ஜினியர்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். அந்தோணிசாமி கத்தவில்லை. “எங்க காது அவங்க வூட்டுல பத்திரமா இருக்கட்டும். வேணும்ன்றவங்க வந்து கேக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அம்சாவை வீட்டோடு நிறுத்திக்கொண்டார். பெரியதம்பியும் கலைமதியை நிறுத்தினார். மீதிப் பிள்ளைகள் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரம் அங்கன்வாடியில் ஒரு காதும் கழலவில்லை.

நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தேவநாதன் திண்டிவனத்திலிருந்து போன் செய்து, “மாமா, தோடு போதுமா, ஜிமிக்கியும் சேத்து வாங்கிடவா” என்று ஆசையாகக் கேட்டான். அந்த ஆசைதான் பெரியதம்பியை உடைத்தது. எதை வாங்கினாலும் அது அந்தோணி வீட்டுக் காதில்தானே தொங்கும். ராத்திரியெல்லாம் புரண்டுவிட்டுக் காலையில் டீச்சரிடம் ஆள் அனுப்பினார். டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். இரண்டு பிள்ளைகளும் வர வேண்டும், இரண்டு தாத்தாக்களும் வர வேண்டும், வாசலில் உர்ரென்று நின்றால் வேலைக்காகாது, உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து விளையாட வேண்டும். அந்தோணிசாமி கேட்டதும் அதுதான், வந்து கேட்கட்டும் என்று. பெரியதம்பி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

வாழ்நாளெல்லாம் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும்போதும் வரப்பில் நின்றே பார்த்த மனுஷர் சின்னப் பாயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்த காட்சியை அந்த ஊர் மறக்காது. முட்டி மடங்கவில்லை, வேட்டி தடுக்கியது. டீச்சர் எல்லோரையும் குதிக்கச் சொன்னார். அந்தோணிசாமி சாரம் ஏறி இறங்குகிறவர், குதித்தார். பெரியதம்பி குதிகாலை மட்டும் தூக்கி இறக்கினார். பிறகு நெஞ்சில் காதை வைத்துக் கேட்கிற நேரம் வந்தது. அம்சா நேராக வந்து பெரியதம்பியின் சட்டைமேல் தலையை வைத்தாள், வெகுநேரம் கேட்டாள், “தாத்தா உள்ள மோட்டாரு ஓடுது, ஆனா தண்ணி வரல” என்றாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியதம்பி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். பக்கத்தில் அந்தோணிசாமியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். பாட்டு நின்றது, எல்லோரும் எல்லோர் காதையும் பிடித்தார்கள், சின்னக் காதுகள் இந்தக் கை அந்தக் கை மாறி முடித்தபோது கலைமதியின் காது கலைமதியிடமும் அம்சாவின் காது அம்சாவிடமும் இருந்தன. ஓட்டையில்லாத அந்தக் காதைப் பெரியதம்பி தடவிப் பார்த்துக்கொண்டார். வந்த காரியம் முடிந்துவிட்டது.

எழுந்திருக்கக் கை வேண்டும். பழக்கதோஷத்தில், “டேய் அந்தோணி, தூக்கி வுடுடா” என்றார். இடது காதில் அது எப்போதும்போல உரிமையான பேச்சாகக் கேட்டது. வலது காதில் அப்படிக் கேட்கவில்லை. பேரன் பேத்தி எடுத்த ஒரு ஆளை, அந்தப் பேத்தியின் எதிரிலேயே, நாயைக் கூப்பிடுவது போல ஒருவன் கூப்பிடுகிற குரல் அது. யார் என்று திரும்பிப் பார்த்தார். தான்தான். வலது பக்கம் கையை வைத்துப் பார்த்தார். சிமெண்ட் படிந்து சொரசொரப்பாக இருந்தது. அந்தோணிசாமி தன் வலது காதைத் தடவியபடி, ஆச்சரியம் தாங்காமல் சொன்னார்: “இந்தக் காதுல கேட்டா நீங்க ரொம்ப நல்லவருங்க.”

அங்கேயே திரும்ப மாற்றப் பார்த்தார்கள். ஆனால் பெரியதம்பிக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை, காது பசை போட்டது போல் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு அவர் பட்ட பாட்டை என்னத்தைச் சொல்ல. களை எடுக்கிற பெண்களை அவர் அதட்டினது அவருக்கே கேட்டது. போனில் டிராக்டர்காரனிடம் பேசினது கேட்டது. பேச்சைக் குறைத்தார், சாப்பாட்டைக் குறைத்தார், சர்க்கரை ஏறிவிட்டதோ என்று மகன் பிரவீன்குமார் ரத்தம் பார்க்க அழைத்துப் போனான். மறுபக்கம் அந்தோணிசாமி நிம்மதியாக இருந்தார். சைட்டில் முதலாளி கத்தினால்கூட, வலது காதில் யாரோ செல்லமாகக் கோபித்துக்கொள்வது போல இருந்ததாம். காது குத்துக்கு முந்தின சாயந்திரம், ஓட்டு கேட்கத் தவிர வேறெதற்கும் காலனிப் பக்கம் போயிராத பெரியதம்பி நடந்தே போய் அவர் வீட்டு வாசலில் நின்றார். இது பேஜாரு புடிச்ச காதுய்யா, விளையாடியாவது மாத்திக்கலாம் வா, என்று கெஞ்சினார். அந்தோணிசாமி நாற்காலி எடுத்துப் போட்டார், வேணி டீ கொடுத்தாள், டீ ஆறுகிற வரைக்கும் யோசித்துவிட்டு மேஸ்திரி சொன்னார்: “பொறந்ததுலேர்ந்து அந்தக் காதுலயே கேட்டுக்கினு இருந்தேங்க. கொஞ்ச நாளு இதுல கேட்டுட்டுத் தர்றேன்.” பெரியதம்பி டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினார்.

திருவக்கரைக் கோயிலில் முடியிறக்கி வந்து, வீட்டுப் பந்தலில் தாய்மாமன் மடியில் வைத்து ஆசாரி காது குத்தினார். கலைமதி அழவில்லை, பக்கத்தில் நின்ற அம்சாதான் தனக்கு வலித்ததை நினைத்து அழுதாள். பத்திரிகை காலனிக்கும் போயிருந்தது, அந்தோணிசாமி குடும்பத்தோடு பந்தல் ஓரத்தில் நின்றார். இலை போடும் நேரம். எப்போதும்போல பெரியதம்பி மகனிடம், “அவங்கள்லாம் கடைசிப் பந்தியில பாத்துக்கலாம்” என்றார். சொன்னது வலது காதில் விழுந்தது. அவருக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. சம்பந்தி வீட்டார், திண்டிவனத்துக்காரர்கள், கட்சிக்காரர்கள் எல்லோரும் முதல் வரிசைக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவர் எதிர்த் திசையில் நடந்தார். வார்த்தை எளிதாக வரவில்லை, வாய் பழகியிருக்கவில்லை, இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். அப்புறம் பந்தல் முழுக்கக் கேட்கிற அவருடைய அந்தப் பெரிய குரலில் சொன்னார்: “மேஸ்திரி, வாங்க. மொதல் பந்தியில என் பக்கத்துல உக்காருங்க.”

சிலருக்குப் பிடிக்கவில்லை, ஒன்றிரண்டு பேர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். போகிறவர்களைப் பெரியதம்பி கூப்பிடவில்லை. அந்தோணிசாமி தன் வலது பக்கம் இருந்த பெரியதம்பியின் காதை ஒரு கையால் பொத்தி, தன் சொந்த இடது காதைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, “இன்னொரு தபா சொல்லுங்க” என்றார். பெரியதம்பி இன்னொரு தடவை சொன்னார். “இப்ப என் காதுலயே நல்லாத்தாங்க கேக்குது” என்று சொல்லி அவர் வந்து உட்கார்ந்தார். சாம்பார் ஊற்றும்போது பெரியதம்பி மெல்லக் கேட்டார், அப்படின்னா காதை மாத்திக்கலாமா என்று. சாப்பிட்டு முடிக்கட்டும் என்றார் அந்தோணிசாமி. சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேருக்கும் அது மறந்துபோய்விட்டது. இப்போது இரண்டு வருஷம் ஆகிறது, காதுகள் அங்கங்கேயே இருக்கின்றன. இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பிரபாவதி டீச்சர் மூக்கு ஆரம்பித்திருக்கிறார்.