முந்துகிற கை

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் சீராகத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள். பாதியில் எல்லாம் குளறிப்போயிற்று. பாட்டு டீச்சர் கையை உயர்த்தி நிறுத்தினாள். பெற்றோர் தினத்துக்கு இன்னும் ஆறு நாள்தான்.

"ஏன் எல்லாரும் இழுக்கிறீங்க? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. என் கையைப் பாருங்க."

முன்வரிசையில் முன்பல் விழுந்த ஒருத்தி எழுந்தாள். வகுப்பில் அவளுக்கு ஓட்டைவாய் என்று பெயர். பல்லுக்கும் பொருந்தும், பேச்சுக்கும் பொருந்தும். "நாங்க இழுக்கல டீச்சர். நீங்கதான் ஓடுறீங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சரும் சிரித்தாள். பத்தொன்பது வருஷமாகத் தாளம் சொல்லிக்கொடுக்கிறவளிடம் என்ன துணிச்சல்! ஆனாலும் இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் தாளம் தட்டும் செயலியைப் போட்டுக் கூடவே தட்டிப் பார்த்தாள். எட்டு எண்ணிக்கை வரை ஒட்டிப் போயிற்று. அப்புறம் கை முந்தியது. செயலியில்தான் கோளாறோ என்று கணக்கு டீச்சரின் போனை வாங்கிப் பார்த்தாள். அதிலும் அதே கதை. வேண்டுமென்றே நிதானித்தால் கை பின்தங்கியது. எதுதான் தன்னுடைய வேகம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

சாயங்காலம் கணவரிடம் கேட்டாள். "நான் இப்பல்லாம் ரொம்ப அவசரப்படுறேனா?"

துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இப்பல்லாமா? கல்யாணத்தன்னைக்கே என்னை விட்டுட்டு நாலடி முன்னாடிதானே நடந்த?"

வேடிக்கையா, மெய்யா? முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. கோளாறு புதிதாக வந்ததா, முதலிலிருந்தே இருந்ததா? முதலிலிருந்தே என்றால், இத்தனை வருஷத்துப் பிள்ளைகளும் அவள் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வந்திருக்கிறார்கள். ஒருத்தருக்கும் சொல்ல வாய் வரவில்லை. புதிது என்றால் டாக்டரிடம் என்னவென்று சொல்வது? கைதட்டு முந்துகிறது என்றா?

மறுநாள் மரக்கட்டையையும் குச்சியையும் ஓட்டைவாயிடம் கொடுத்தாள்.

"நீ தட்டு. நாங்க உன் கூட வர்றோம்."

"நீங்களுமா டீச்சர்?"

"நானும்தான்."

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். "என்ன, பொறுப்பு கைமாறிடுச்சு போல?"

"சும்மா ஒரு முயற்சி, மேடம்." சொன்னது பொய்யா என்று அவளுக்கே தெரியவில்லை.

குச்சி விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று வருவதற்குள் அவள் கைகள் கிளம்பிவிட்டன. ஒரு சாண் இடைவெளியில் அவற்றைப் பிடித்து நிறுத்தினாள். முப்பத்தொரு ஜோடிக் கைகளும் விரிந்தபடி காத்திருந்தன. குச்சி இன்னும் மேலேயே இருந்தது.