பெயிண்டுக்கு விட வேண்டிய இடம்

1.

இந்தக் கதை என்னுடையது இல்லை. எதிர் வீட்டு அனுப்ரியா மயில் தோகை மாதிரி வெட்டிய பலகைகளை லிஃப்டில் ஏற்றினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அதற்குக் கூலியாக அவளிடம் இதை வாங்கிக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: ‘தைப்பூசம் நெருங்கிய ஒரு நாளில், வானம் இருண்டு’ (வேண்டாம். வானம் சும்மா இருக்கட்டும்.)

இரண்டாவது: போன வருடம் அனுப்ரியாவுக்கு இருதய ஆப்பரேஷன். அவள் பிழைத்து வந்தால் காவடி எடுப்பதாகக் கணவன் பிரேம் வேண்டிக்கொண்டான். பிழைத்தாள். “எனக்காகத்தானே தூக்குறீங்க? அப்ப காவடிய நான்தான் செய்வேன்” என்று சொல்லிவிட்டாள். இது இருக்கட்டும்.

2.

புக்கிட் பாத்தோக் பேட்டையில் நண்பர்களோடு சேர்ந்து எடுத்த சின்னப் பட்டறையில் அவளுடைய சிஎன்சி ரூட்டர் இருக்கிறது. கணினியில் வரைந்ததை, சுழலும் வெட்டுமுனையால் பிளைவுட்டில் அப்படியே வெட்டித் தரும் இயந்திரம். (பொழுதுபோக்கு என்பாள். பொழுது முழுக்க அங்கேதான் போகிறது.)

ஒரு பலகையின் நாக்கு இன்னொன்றின் துளையில் போய் உட்கார வேண்டும். ஆணி கிடையாது. முதல் முறை நாக்கு பருத்துவிட்டது, துளை இறுகிவிட்டது.

“முனையில ஆறு மில்லிமீட்டர்னு போட்டிருந்துச்சுக்கா. அளந்து பார்த்தா ஆறு இல்ல லா.”

காலிப்பரால் அளந்து உண்மையான அளவைக் கணினிக்குக் கொடுத்தாள். ஒரேயடியாக வெட்டினால் முனை வளைகிறது என்று, ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்து வெட்டி, கடைசியில் மெல்லிசாக ஒரு சுற்று ஓட்டினாள். கழிவுத் துண்டில் சோதித்தாள். நாக்கு சுகமாக உள்ளே போனது.

இங்கே அவள் அழுதாள் என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, “நான் எங்கக்கா அழுதேன்? பசிச்சுது, பிராட்டா சாப்பிடப் போனேன்” என்றாள்.

3.

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று தேடினேன். விரதம் இருக்கும் பிரேம்தான் கிடைத்தான். பலகைகளுக்குத் தங்க நிறம் அடித்தவன், துளைகளின் உட்பக்கத்தையும் விடவில்லை, பூச்சுக்கு மேல் பூச்சு. மறுபடியும் ஒன்றும் நுழையவில்லை.

“உள்ளுக்குள்ள யாருங்க பார்க்கப் போறா?”

“முருகன் பார்ப்பார்ல?”

“சரி, சுரண்டி எடுத்துடுறேன்.”

“சாமிக்கு அடிச்சத சுரண்டாத அனு.”

(இந்த இடத்தில் ஒரு சண்டை எழுதினேன். பாத்திரம்கூட ஒன்று பறந்து... எழுதியதை அடித்துவிட்டேன். அப்படி நடக்கவில்லை.)

அவள் சுரண்டவில்லை. பூச்சின் கனத்தை அளந்து, அதற்கும் இடம் விட்டு, எல்லாப் பலகைகளையும் புதிதாக வெட்டினாள். இதை எழுதும்போது எனக்கு அவர்கள் மேல் பொறாமையாகவே இருந்தது.

4.

முடிவு அ: தோகை சிக்கிக்கொள்கிறது. பிரேம் பால்குடத்தோடு நிறுத்திக்கொள்கிறான். (மனசு வரவில்லை.)

முடிவு ஆ: எல்லாம் பொருந்துகிறது, மேளம் முழங்குகிறது. (சினிமா.)

உண்மையில் முடிவு இன்னும் நடக்கவே இல்லை. தைப்பூசம் நாளைக்குத்தான். பெயிண்ட் இப்போதுதான் காய்ந்தது. பலகைகள் துணி சுற்றி அவர்கள் வாசலில் நிற்கின்றன.

“பூட்டிப் பார்த்தியா?” என்றேன்.

“இல்லக்கா. பெயிண்ட் உரசிடும், கோயில்லயே பூட்டலாம்னு சொல்றாரு.”

“பயமா இல்ல?”

“இருக்கு. ஆனா இந்தத் தடவ அவரையும் சேர்த்து அளந்துட்டேன்.”

தைப்பூசத்துக்கு இங்கே விடுமுறை இல்லை, எனக்கு வேலை இருக்கிறது. சிராங்கூன் சாலைப் பக்கம் நீங்கள் போவீர்களானால், தங்கத் தோகையோடு ஒரு காவடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், பக்கத்தில் ஒரு பெண் நடந்து வருவாள். தோகையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள். கடைசி வரியை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.