ஐயனார் பங்கு

பத்திரம் எழுதிப் பதிவு செய்யும் வில்லியனூர் நொத்தேர் ஆபீஸ் வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் அடியில் வண்டியை அவிழ்த்துவிட்டு, செவலையையும் மயிலையையும் இருசப்பன் மரத்தில் கட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குமாஸ்தா வேகமாக வந்தார்.

"யோவ், மாட்டுச் சந்த செவ்வாக்கெழம, மதகடிப்பட்டுல. இங்க இல்ல."

"தெரியுங்க. நாங்க கூட்டா வெல்ல ஆல போட கும்பினி கட்ட வந்திருக்கோம்."

குமாஸ்தா மாடுகளைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். வண்டியில் புளியந்தோப்புக்காரி அம்சவள்ளி மடிமேல் ஒரு கூடை மண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருசப்பனின் மச்சான் நடேசன், ஆள் உயரத்துக்குப் பாகு கிண்டும் துடுப்பு ஒன்றைச் சாமி ஊர்வலத்து வேல் மாதிரி நிமிர்த்திப் பிடித்திருந்தான்.

"இதெல்லாம் இன்னாய்யா?"

"எங்க பங்குங்க. கையெழுத்துக்கு முன்னாடி அவங்கவங்க பங்க முழுசா கொண்டாந்து வச்சிடணும், அதான் சட்டம்னு சிவப்பிரகாசம் ஐயா சொன்னாரு. இது என் மாடு. அக்கா எடம் தருது. எடத்தத் தூக்கியார முடியாதில்ல, அதான் மண்ணு. மாப்ள வெல்லம் காச்சறவன்."

குமாஸ்தா வேறொன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். உள்ளே யாரோ வெகுநேரம் சிரிக்கும் சத்தம் கேட்டது.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட அவர்கள் ஊர் பண்டசோழநல்லூரில் கரும்பு போட்டவர்கள் எல்லாரும் எல்லை தாண்டி இங்கிலீஷ் சீமையில் இருந்த ஆலைக்குத்தான் கரும்பை ஓட்டிக்கொண்டு போவார்கள். நாலு கொப்பரை காய்ச்சினால் ஒரு கொப்பரை ஆலைக்காரனுக்கு. மீதி வெல்லத்தை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரும்போது எல்லையில் நிற்கிற ஆளும் ஒரு உருண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். சொந்தமாக ஓர் ஆலை வேண்டும் என்று ஊரில் பேசாத ஆள் கிடையாது. ஆனால் கூட்டு ஆலை என்று யாராவது பேச்செடுத்தால் இருசப்பன் எழுந்து போய்விடுவான்.

அவனுடைய அப்பா ஒரு காலத்தில் இரண்டு பேரோடு சேர்ந்து, வெறும் வாய் வார்த்தையில் கூட்டு ஆலை போட்டவர். ஆலை நொடித்தது. கூட்டாளிகள் இரண்டு பேரும் கூரை வீட்டுக்காரர்கள். அப்பாவுடையது மட்டும் ஓட்டு வீடு. கடனுக்கு வந்தவன் ஓட்டு வீட்டைப் பார்த்துத்தான் வந்தான். கடைசியில் நிலைக்கதவைக்கூடப் பெயர்த்து வண்டியில் ஏற்றினான். அந்தக் கதவில் கரிக்கட்டியால் தான் போட்டிருந்த யானைப் படமும் வண்டியோடு போனதை இருசப்பன் இன்றுவரை மறக்கவில்லை. பிற்பாடு வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி மறுபடியும் ஓர் ஓட்டு வீடு எழுப்பியிருந்தான். தினமும் படுக்கப் போகுமுன் கதவை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

அப்படிப்பட்டவனிடம்தான் சிவப்பிரகாசம் வந்து சொன்னார். அவர் ஊரிலேயே பெரிய நிலக்காரர். புதுச்சேரியில் வழக்கு நடத்தி நடத்திச் சட்டம் கற்றவர். யாரையும் கடிந்து பேசாதவர்.

"பிரான்சுலேருந்து புதுச் சட்டம் வந்திருக்குது, இருசப்பா. கும்பினிக்கு பொறுப்பு இவ்ளோதான்னு கோடு போட்டுட்டான். கும்பினி முழுவிச்சின்னா அதுல போட்டது மட்டுந்தான் போவும். உன் வூட்டு வாசப்படிய ஒருத்தன் மிதிக்க முடியாது."

"கதவு?"

"கதவு, ஜன்னலு, ஓடு, எதையும் தொட முடியாது."

இருசப்பன் அன்று ராத்திரி கதவைத் தொட்டுப் பார்க்காமலே தூங்கினான்.

ஐந்து பங்கு என்று ஊரில் பேசி முடித்தார்கள். சிவப்பிரகாசத்தின் இரும்பு ஆலைக்கு ஒன்று. அது நிற்கப்போகும் அம்சவள்ளியின் புளியந்தோப்புக்கு ஒன்று. ஆலையை இழுக்கும் மாட்டுக்கு ஒன்று. பதம் பார்த்துக் காய்ச்சும் நடேசனுக்கு ஒன்று. ஐந்தாவது பங்கு ஐயனாருக்கு. களத்தில் நெல் தூற்றினாலும், ஏரியில் மீன் பிடித்தாலும் முதலில் சாமி பங்கை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் பங்கு பிரிப்பது அந்த ஊர் வழக்கம். அதை எதிர்த்து ஒருவரும் பேசவில்லை.

நொத்தேர் உள்ளே கூப்பிட்டார். சட்டைக்கு மேல் கோட்டும் கோட்டுக்கு மேல் வியர்வையுமாக இருந்தார். சிவப்பிரகாசம் முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் ஆலையைத் தூக்கிக்கொண்டு வரவில்லை; ஆலை வாங்கிய ரசீதை மட்டும் சட்டைப் பையில் வைத்திருந்தார். நொத்தேர் ரசீதைப் பார்த்துத் தலையசைத்தார். ஜன்னல் வழியாக மாட்டைப் பார்த்துத் தலையசைத்தார். மண்கூடையைப் பார்க்காமலே தலையசைத்தார். துடுப்பைப் பார்த்ததும் தலை நின்றுவிட்டது.

"இவர் என்ன கொண்டு வந்திருக்கிறார்?"

"வேலைங்க," என்றான் நடேசன்.

"வேலையைப் பங்காக வைக்க முடியாது. இந்த மாதிரிக் கும்பினியில் பொருள் வைக்கலாம், இடம் வைக்கலாம். உழைப்புக்குச் சட்டம் பங்கு தராது. இவரைக் கூலிக்கு வைத்துக்கொள்ளுங்கள்."

நடேசன் துடுப்பைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தான். "துடுப்பாவது பொருள்தானுங்களே?" என்று கேட்டுப் பார்த்தான். நொத்தேர் தாளைப் புரட்டினார்.

"அடுத்த பங்குதாரர்?"

"ஐயனாருங்க," என்றான் இருசப்பன்.

குமாஸ்தா பேனாவை மையில் தோய்த்தார். அவர் புதுச்சேரிப் பட்டணத்து ஆள்; இதை ஆள் பேர் என்றே நினைத்துக்கொண்டார். "குடியிருப்பு?"

"ஏரிக்கரைங்க."

"மேஜர்தானே? வயசு?"

இருசப்பன் யோசித்தான். "வயசு சரியாத் தெரியாதுங்க. ஆனா மீசை இருக்குது. குதிர மேல உக்காந்திருக்காரு, கையில கத்தி."

"தகப்பனார் பேர்?"

"ஈஸ்வரன்."

"தாயார்?"

"பெருமாளு."

பேனா நின்றது. குமாஸ்தா நிமிர்ந்து இருசப்பனை ஒரு முறையும் நொத்தேரை ஒரு முறையும் பார்த்தார். சிவப்பிரகாசம் துண்டால் வாயை மூடிக்கொண்டு இருமினார்.

விஷயம் புரிந்ததும் நொத்தேர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். சாமி கையெழுத்துப் போடாது, சாமி பங்கு என்று ஒன்று எழுத முடியாது, அதை எடுத்துவிடுங்கள் என்றார். வாழ்நாளில் ஓர் அதிகாரியை எதிர்த்து இருசப்பன் பேசியது கிடையாது. ஆனாலும் பேசினான்.

"சாமி பங்கு இல்லாம நான் கையெழுத்துப் போடமாட்டேங்க. எங்கப்பா அந்தப் பங்க மறந்துட்டுத்தான் ஆல போட்டாரு."

அம்சவள்ளியும் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இடம் ஊருக்குத் திரும்பிப் போகும் போலிருந்தது.

அப்போதுதான் சிவப்பிரகாசம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நொத்தேரிடம் சொன்னார். "சாமி பங்கு வேணாம்னா ஊர்ல எவனும் கரும்பு தரமாட்டான், முசியே. இரும்பு வெலைக்கு ரெண்டு பங்கு தாராளமா போடலாம். ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஐயனாருக்கு. சாமிக்காவ அந்தப் பங்க என் பேர்ல எழுதிடுங்க. கையெழுத்த நான் போடறேன்."

சொந்த இரும்பில் பாதியை ஒருத்தர் சாமிக்கு விடுகிறார் என்றதும் இருசப்பன் அவரிடம் போனான். குனிந்து அவர் காலைத் தொட்டான். நடேசன் மட்டும், "உழைக்கிறவனுக்கு பங்கு இல்ல, உக்காந்திருக்கிறவருக்கு உண்டா?" என்று முனகினான். சாமி குற்றம் ஆகிவிடும் என்று இருசப்பன் அவன் தொடையைக் கிள்ளினான்.

குமாஸ்தா பத்திரத்தைப் பிரெஞ்சில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் படித்தார். கும்பினிக்கு ஒரு விலாசம் வேண்டுமென்று சிவப்பிரகாசத்தின் வீட்டைப் போட்டிருந்தார்கள். நிர்வாகியும் அவரே. நல்லதுதான், படித்தவர். பங்காகப் போட்டதெல்லாம் இன்றுமுதல் கும்பினிச் சொத்து. சரிதான், கும்பினி நம்முடையதுதானே. எந்தக் காரியமும் பங்குக்கு ஒரு கை என்று தூக்கி முடிவு செய்ய வேண்டும், அப்படித் தூக்கும்போது இரண்டு பக்கமும் சமமாக நின்றால் என்று குமாஸ்தா ஆரம்பித்த இடத்தில் வெளியே தொட்டி உடையும் சத்தம் கேட்டது. மயிலை கயிற்றை இழுத்துக்கொண்டு போய் நொத்தேரின் குரோட்டன்ஸ் செடியை மென்றுகொண்டிருந்தது. இருசப்பன் ஓடினான். செடியின் பாதியை மாட்டு வாயிலிருந்து பிடுங்கி, உடைந்த தொட்டியில் மறுபடி நட்டு, மூன்று தரம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவன் உள்ளே வந்தபோது படித்து முடித்துவிட்டார்கள்.

"சமமா நின்னா இன்னா பண்றதாம்?" என்று அம்சவள்ளியிடம் கேட்டான்.

"நிர்வாகி சொல்றதுதானாம்," என்றாள் அவள்.

"சமமா எதுக்கு நிக்கப் போவுது," என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பேரை எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டான்.

திரும்பும்போது சிவப்பிரகாசம் குதிரை வண்டியிலிருந்து தலையை நீட்டி, "கும்பினி மாடு, பாத்து ஓட்டு, இருசப்பா," என்றார். இருசப்பனுக்கு அது பெருமையாக இருந்தது. வழியெல்லாம் செவலையிடம், "கேட்டியா, கும்பினி மாடாம்டா நீ," என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

ஆலை நன்றாகவே ஆடியது. தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் புளியந்தோப்பில் வெல்ல வாசனை. முதல் கொப்பரை வெல்லம் ஐயனாருக்குப் போனது. சாமி பேரில் அதைச் சிவப்பிரகாசம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். நடேசன் கூலிக்குக் காய்ச்சினான். கும்பினிச் சொத்து கும்பினி விலாசத்தில்தான் இருக்க வேண்டும் என்று மாடுகளைச் சிவப்பிரகாசத்தின் கொட்டகையில் கட்டினார்கள். ராத்திரியில் இருசப்பனின் மனைவி கலியம்மாள் வெறும் தொழுவத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவாள்.

"வூட்டத் தொடமாட்டான்னு சொன்னியே. தொழுவம் வூட்டுல சேராதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஆல நின்னு மழ பெஞ்சதும் ஓட்டியாந்துடுவேன்டி. உழவுக்கு வேணாமா?"

ஆடியில் மழை பெய்தது. ஊரெல்லாம் ஏர் கட்டியது. இருசப்பன் தாம்புக்கயிற்றோடு கொட்டகைக்குப் போனான். சிவப்பிரகாசம் அவனை உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, சட்டப்படி கூட்டம் போட்டுத்தான் கேட்க வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். மறுநாளே கூட்டமும் போட்டார்.

"மாடு உழவுக்கு இருசப்பன்கிட்ட போவணும்ங்கிறவங்க கை தூக்குங்க."

இருசப்பன் தூக்கினான். அம்சவள்ளி தூக்கினாள்.

"வாடவைக்கு விடலாம், கும்பினிக்கு வருமானம்ங்கிறவங்க."

சிவப்பிரகாசம் வலது கையைத் தூக்கினார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஏரிக்கரைப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடி ஒரு கணம் நின்றுவிட்டு, இடது கையையும் தூக்கினார்.

இருசப்பன் அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தானே சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த கை அது. தன்னுடைய இன்னொரு கையையும் தூக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டான்.

"ரெண்டுக்கு ரெண்டு," என்றார் சிவப்பிரகாசம். அவருக்கே வருத்தமாக இருந்தது போல் தெரிந்தது. "நிர்வாகிங்கிற மொறையில நாந்தான் முடிவு சொல்லணுமாம். வாடவைக்குத்தான் விடணும். உனக்கும் உண்டு, இருசப்பா, ஊர்ல இருக்கிற வாடவதான். இந்த வாரம் நம்ம நெலத்துக்குச் சொல்லியாச்சி. அடுத்ததா எடுத்துக்க."

அன்று ராத்திரி இருசப்பன் வெகுநாளைக்குப் பிறகு கதவைத் தொட்டுப் பார்த்தான். கதவு பத்திரமாக இருந்தது. கலியம்மாள் பாயில் படுத்தபடியே, "நல்லாப் பாத்துக்க. அதுக்குள்ளாறதான் நாம கெடக்கணும்," என்றாள்.

அடுத்த வாரம் வரை ஈரம் நிற்காது. விடிந்ததும் அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தன் கொல்லைக்காட்டைக் கொத்தக் கிளம்பினான். போகிற வழி சிவப்பிரகாசத்தின் வயல் வரப்புதான். உள்ளே நடேசன் ஏர் பிடித்திருந்தான். ஆலை நின்றதிலிருந்து அவனுக்கு அங்கே உழவுக் கூலி. இருசப்பனைக் கண்டதும் செவலை நின்றது. மயிலையும் நின்றது. இரண்டும் சேற்றில் காலை ஊன்றிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி வரப்பையே பார்த்தன.

நடேசன் அதட்டினான். வாலை முறுக்கினான். அசையவில்லை. வயலின் அந்தக் கோடியில் குடை பிடித்து நின்ற சிவப்பிரகாசம், "இன்னா நடேசா?" என்று குரல் கொடுத்தார்.

நடேசன் தார்க்குச்சியை ஓங்கினான், பிறகு இறக்கினான். "மாமா, அடிக்கக் கை வரல. நீயே ஒரு சத்தம் குடேன்," என்றான்.

இருசப்பன் தன் கொல்லைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு நாக்கைத் தட்டி, "போடா செவல. போ," என்றான். மாடுகள் கிளம்பின.

சால் முடிந்து திரும்பியதும் மறுபடி நின்றன. மறுபடி அவன் போகச் சொன்னான். சிவப்பிரகாசம் குடையை ஆட்டி, "அங்கேயே நில்லு, இருசப்பா, நல்லா ஓடுது," என்றார். வெயில் ஏறி, அவனுடைய கொல்லை காய்ந்துகொண்டிருந்தது. தோளில் மண்வெட்டியை இறக்காமல் அவன் வரப்பிலேயே நின்று, ஒவ்வொரு சாலுக்கும் ஒரு தடவை, "போடா கண்ணு. போ," என்று சொல்லிக்கொண்டிருந்தான்.