பதினாறு கிலோ மூட்டை

டர்ர்ரென்று ஒரு சத்தம். படகின் பெரிய பாய் உச்சியிலிருந்து பாதிவரை பிளந்து, இரண்டு துண்டாகப் படபடத்தது.

சுக்கானைப் பிடித்திருந்த மருந்துக்கடைக்காரி அண்ணாந்து பார்த்தாள். பயம் வந்திருக்க வேண்டும். வந்ததோ சந்தோஷம். அப்பாடா, தொலைந்தது.

அவள் கணவர் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். படகுத்துறையில் அவருக்குப் பெயர் கேப்டன். பாதி மரியாதை, பாதி கிண்டல். அடுத்த மாதம் இந்தப் பழைய படகில் ஒன்பது நாள் திறந்த கடலைத் தாண்டி அக்கரை போவதாக அவர் நாள் குறித்திருந்தார். போவது இவர்கள் இரண்டு பேர் மட்டும். எட்டு மாதத்துக்கு முன் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. கனமாக எதையும் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். தினமும் மாத்திரையை எண்ணிக் கையில் வைப்பவள் அவள். சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பத்து நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். அவர் அசைந்து கொடுக்கவில்லை. இப்போது பாயே கிழிந்துவிட்டது.

"பத்தொன்பது வருஷம் உழைச்சிருக்கு, பாவம்," என்றார் கேப்டன், கிழிசலைச் சுருட்டிக்கொண்டே. "விடு. நாளைக்கே போய்ப் புதுசுக்குச் சொல்லிடலாம்."

கரை சேர்வதற்குள் அவள் சந்தோஷம் முடிந்துபோனது.

பாய் தைக்கும் இடம் ஒரு கிடங்கின் மாடி. செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். மேலே தரை முழுக்க வெள்ளைத் துணி. தையல் மெஷின்கள் தரையில் வெட்டிய பள்ளங்களில் இருந்தன. இரண்டு பெண்கள் இடுப்பளவு குழிக்குள் உட்கார்ந்து தைக்க, துணி தரையோடு தரையாக நகர்ந்தது. முழங்காலில் பஞ்சுத் திண்டு கட்டியிருந்த முதலாளியம்மா தவழ்ந்தபடியே வரவேற்றாள்.

"எங்க போகப் போறீங்க சார்? அதைச் சொல்லுங்க முதல்ல. துணி அப்புறம்."

"அக்கரைக்கு. ஒன்பது நாள்."

"அப்ப கனத்த துணிதான். மூணு மடிப்பு வைக்கணும், காத்து ஏற ஏறப் பாயைச் சின்னதாக்க."

"மெல்லிசு துணி போட்டா என்ன?" என்று மருந்துக்கடைக்காரி குறுக்கே புகுந்தாள். "ஏத்துறதுக்கு லேசா இருக்கும்ல?"

"கரையோரமா சுத்திட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வர்றதுன்னா தாராளமா போடலாம் அக்கா. பெரிய கடலுக்குன்னா நான் தைக்க மாட்டேன். நடுக்கடல்ல கிழிஞ்சா என்னைத்தான் திட்டுவீங்க. திட்டுறதுக்காவது நீங்க திரும்பி வரணுமே."

குழிக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது.

"படகுல பாயை ஏத்துறது யாரு?"

"நான்தான்," என்றார் கேப்டன்.

"அப்ப இப்படி வாங்க."

உத்தரத்தில் ஒரு கப்பி தொங்கியது. அதில் ஓடிய கயிற்றின் ஒரு முனையில் மணல் மூட்டை. கனத்த பாய்க்குச் சமமாக அதில் பதினாறு கிலோ. கயிறு இழுக்கப் போகிறவர் அந்த மூட்டையை மூன்று முறை உத்தரம்வரை ஏற்றி இறக்க வேண்டும். முடியாதவருக்கு முதலாளியம்மா கனத்த துணியில் கத்தரி வைப்பதில்லை. யார் சிபாரிசு செய்தாலும் சரி.

"வேண்டாங்க," என்றாள் மருந்துக்கடைக்காரி. பிறகு முதலாளியம்மாவிடம், "இவருக்கு நெஞ்சுல..."

"தைரியம் ஜாஸ்தின்னு சொல்ல வர்றா," என்று முடித்துவைத்தார் கேப்டன். மறுபடி சிரிப்பு. அவள் வார்த்தை அதில் காணாமல் போனது.

முதல் தடவை மூட்டை ஜோராக ஏறியது. இரண்டாவது தடவை நின்று நின்று ஏறியது. மூன்றாவதில் பாதி உயரத்தில் நின்றேவிட்டது. அந்த நேரம் பார்த்து போன் அடிக்க, முதலாளியம்மா மேஜைப் பக்கம் திரும்பினாள்.

மெஷின்கள் ஓய்ந்தன. கேப்டனின் கழுத்து நரம்பு புடைத்தது. வழவழத்த தரையில் அவர் கால் விரல்கள் பிடி கிடைக்காமல் வழுக்கின. "விடுங்க," என்றாள் அவள் மெதுவாக. அவர் விடவில்லை. குழியில் ஒருத்தி மற்றவளை முழங்கையால் இடித்துக் கண்ணைக் காட்டினாள்.

மருந்துக்கடைக்காரி கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றால் போதும். அக்கரைப் பயணம் இங்கேயே முடிந்துவிடும். எட்டு மாதமாக அவள் கேட்டது இதைத்தான். நிற்கத்தான் பார்த்தாள். ஆனால் அந்த முழங்கை இடியையும் கண் ஜாடையையும் அவளால் தாங்க முடியவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால், அவள் காலடியில், கயிற்றின் மிச்சம் கிடந்தது. தன்னையறியாமல் குனிந்து எடுத்தாள். இழுத்தாள். மூட்டை மேலேறி உத்தரத்தில் டொக்கென்று இடித்தது.

சத்தம் கேட்டு முதலாளியம்மா திரும்புவதற்குள் அவள் கயிற்றைக் கீழே போட்டிருந்தாள். முழங்கையால் இடித்தவள் தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோத்தாள்.

"பரவாயில்லையே சார். எழுதிக்கிறேன்," என்றாள் முதலாளியம்மா. "கனத்த துணி, மூணு மடிப்பு."

கேப்டன் கையெழுத்துப் போட்டார்.

மாடிப்படியின் கடைசிக்கு முந்தின படியில் அவர் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. அவள் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, நாடியைப் பிடித்து எண்ணினாள். தன் கையைத் தானே வெட்டிப் போடலாம்போல இருந்தது. மேலே துணிச் சுருளை உருட்டி விரிக்கும் சத்தம் கேட்டது.

"ஏங்க, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. மேல போய் மெல்லிசே போதும்னு சொல்லிடலாம். மூணாவது தடவை உங்களால முடியல."

"ரெண்டாவதுலயே முடியல," என்றார் கேப்டன், செருப்பைக் காலால் துழாவியபடி. "மெல்லிசே போதும்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்பப் பாத்துப் பின்னாலேர்ந்து நீ இழுத்த. சரி, இவளே சம்மதிச்சுட்டா, இனிமே நாம பின்வாங்கக் கூடாதுன்னுதான் கையெழுத்துப் போட்டேன்."