பரவாயில்லைக்குக் கட்டம் இல்லை

டிராமில் பயணிகளின் சுகத்தை அளக்கிற வேலைக்கு அம்பலவாணன் ஏறி ஆறு வருஷமாகிறது. இன்னும் இறங்கவில்லை. ஒரே ஒரு படிவம் பூர்த்தியானால் இறங்கலாம் என்பது விதி.

படிவத்தில் இரண்டே கட்டம்: சுகம், சுகமில்லை. நம் ஜனங்களிடம் போய் பயணம் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்களேன். பல் ஆடுகிற குலுக்கலிலும் பரவாயில்லை என்பார்கள். மெத்தை போட்டு உட்காரவைத்தாலும் அதேதான். அதற்குக் கட்டம் இல்லை. மனுஷன் அலுத்துச் சலித்துப்போனார்.

கண்டக்டர் மணியிடம் முறையிட்டிருக்கலாம். அவர் போன ஐப்பசியில் மணியாகவே ஆகிவிட்டார். கயிற்றை இழுத்தால் பதில் சொல்வார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

அன்று காலை சந்தை நிறுத்தத்தில் மனைவி செண்பகவல்லி பட்டுப்புடவையோடு ஏறினாள். மகள் குமுதாவுக்குக் கல்யாணம். மண்டபம் அடுத்த நிறுத்தம். தாரை வார்க்க அப்பா வேண்டும். மனைவியும் பயணிதானே என்று அம்பலவாணன் படிவத்தை நீட்டினார்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லு செண்பகம். நான் இறங்கிடறேன்."

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.

"நல்லாருக்குன்னா பொய்யாயிடும். நல்லால்லன்னா டிரைவர் மனசு சங்கடப்படும். அவருக்கும் பத்திரிகை வச்சிருக்கோம். பரவாயில்லைங்க."

மண்டபம் வந்தது. டிக்கெட் வாங்கியவள் இறங்கிப் போனாள். டிராம் நகர்ந்தது. கூடவே மண்டபமும் நீண்டது. முதல் சன்னலில் மாலை மாற்றினார்கள். இரண்டாவதில் தாரை வார்த்தார்கள். அப்பாவின் இடத்தில் நாற்காலியில் அவருடைய பழைய சட்டையைப் போட்டிருந்தார்கள். மூன்றாவதில் கெட்டிமேளம். நான்காவதில் பந்தி தொடங்கிவிட்டது.

கடைசிச் சன்னலோரம் குமுதா மாலையும் கழுத்துமாகத் தெருவில் கூடவே நடந்து வந்தாள். இறங்க முடியவில்லை, அப்பாவை மன்னித்துவிடு என்றார்.

"பரவாயில்லைப்பா," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தச் சொல் எந்தக் கட்டத்தில் சேரும் என்று ஆறு வருஷத்தில் முதல்முறையாக அவருக்குத் தெரிந்துவிட்டது. பேனா மூடியைக் கழற்றினார். கட்டத்துக்கு மேலே, பயணியின் டிக்கெட் எண் என்று போட்டிருந்தது. தெருவில் நடந்து வருகிறவளிடம் டிக்கெட் ஏது.

குமுதா தெருவிலேயே நின்றுவிட்டாள். மணி தன்னைத்தானே ஒரு தரம் அடித்துக்கொண்டார்.