முப்பத்தேழு தடவை ‘வேண்டாம்’

1

“யாருன்னே தெரியாதவன வீட்டுக்குள்ள விடுவியா, அம்சா?”

“விடமாட்டேன் பாவா.”

“ஆங். கம்ப்யூட்டருக்கும் அதான். தெரியாத பேர் கேட்டா ‘வேண்டாம்’னு அழுத்திடு.”

2005இல் திருத்தணியில் ஒரு வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் நடந்த பேச்சு இது; கணவனை அவள் ‘பாவா’ என்றுதான் கூப்பிடுவாள். சென்னை போகும் ரயிலில் அம்சாவே சிரித்துக்கொண்டு எனக்குச் சொன்னாள். கதை அங்கே தொடங்கியது.

2

முதலில் இப்படி எழுதினேன்: ‘மலைமேல் மணி ஒலிக்க, அம்சாவின் கண்களில் ஒரு…’

அடித்துவிட்டேன். அவள் கண்களில் இருந்தது கணினித் திரை.

அம்மையார்குப்பத்துத் தறிவீட்டில் பிறந்தவள். கல்யாணம்வரை சேலைகளுக்கு பார்டர் வரைந்தவள். அண்ணன் ஒரு சிடியில் பார்டர் வரையும் புரோகிராம் கொடுத்தான். கணவன் வேணு தாலுகா ஆபீசில் இருக்கும் மத்தியானங்களில், அவனுக்குத் தெரியாமல் ஆறு பார்டர் போட்டாள்.

பிறகுதான் வேணு, வைரசுக்குப் பயந்து, பாதுகாப்பு மென்பொருள் ஒன்றைப் போட்டான். அவன் குறித்துவைத்த ஒன்பது புரோகிராம்களைத் தவிர எதைத் திறந்தாலும் அது நிறுத்திக் கேட்கும்: அனுமதிக்கலாமா?

மறுநாள் அம்சா தன் புரோகிராமைத் திறந்தாள். கேட்டது. ‘வேண்டாம்’ என்று அழுத்தினாள். அடுத்த நாளும் திறந்தாள், அழுத்தினாள்.

3

(நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும்தான். “‘சரி’ன்னு அழுத்தியிருக்கலாமே?” என்று கேட்டேன். “அவர் போட்ட பூட்டு. அவரே தொறக்கட்டும்னு இருந்தேன்” என்றாள்.)

முதல் வரைவில் வேணுவை முரடனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவிக்கும் சேர்த்து டீ போடுகிறவன் அவன்.

4

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீயோடு உட்கார்ந்து, தடுக்கப்பட்டவற்றின் பட்டியலைப் பார்த்தான்.

“இன்னாடி இது? எவனோ ஒருத்தன் முப்பத்தேழு தடவ கதவத் தட்டிகினு இருக்கான். கரெக்டா மத்தியானம் ரெண்டரைக்கு.”

“நேரம் தவறாத ஆளு. உங்க ஆபீஸ்ல சேத்துக்குங்க.”

“சிரிக்காத. வைரசுதான். மொத்தத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டுடறேன்.”

விண்டோஸ் சிடியை எடுத்தான். ஆறு பார்டரும் அந்தக் கணினிக்குள்தான் இருந்தன.

5

இங்கே இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் எல்லாம் அழிந்து, அம்சா அடுக்களையில் அழுகிறாள். மற்றொன்றில் வேணுவே பார்டர்களைக் கண்டுபிடித்து நெகிழ்கிறான். என் வழக்கமான வாசகிகளுக்குப் பிடிக்கும். ஆனால் இரண்டிலும் அவள் வாயே திறக்கவில்லை.

அதனால் வேணுவின் பதிலை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். (ரயிலில் அவள் மடியில் ஒரு சேலைப் பை இருந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.)

அம்சா, சிடி இருந்த அவன் கையைப் பிடித்தாள்.

“தட்டினது நான்தான் பாவா. எனக்கு மறுபடியும் பார்டர் போடணும். கல்யாணம் ஆன இந்த எட்டு வருசமா கேக்கணும்னு இருக்கேன். மத்தியானத்துல இத எனக்குத் தொறந்து குடுங்க.”